ஆற்றங்கரைப் பழைய வீட்டுச் சுவருக்கு என்எச்எல் 3.5 சுண்ணாம்பு: வாங்கலாமா?

ஆற்றங்கரைச் சிறுநகரத்தின் பழைய கடைவீதிப் பக்கம் குடியிருந்தால் ஓயாமல் வேலை வைப்பது கீழ்த்தளச் சுவர்தான். முழங்கால் வரைக்கும் ஓதம், இடுப்பளவில் வெள்ளை வெள்ளையாக உப்பு, அதற்கு மேல் சிமெண்டுப் பூச்சைத் தட்டினால் உள்ளே கூடு விட்ட சத்தம். இந்தச் சுவருக்காக இப்போது பலரும் தேடிப் போவது இயற்கை நீரியல் சுண்ணாம்பு. மூட்டையில் என்எச்எல் என்று போட்டிருக்கும். அதில் 3.5 வகை, 25 கிலோ மூட்டை பற்றித்தான் இந்த மதிப்புரை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய செங்கல் சுவரைப் பூசவும் செங்கல்களுக்கு நடுவே உள்ள இடுக்கை நிரப்பவும் இது அருமையான பொருள். ஆனால் ஓதத்தை அடைக்கும் மருந்து என்று நினைத்து வாங்காதீர்கள். சுவருக்குள் ஏறிய ஈரம் வெளியே போக இது வழி விடும், அவ்வளவுதான். ஈரம் ஏறுவதை நிறுத்துவது வேறு வேலை.

களிமண் கலந்த சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு எடுப்பது இது. வெறும் சுண்ணாம்பு காற்றில் இருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சித்தான் இறுகும். இதுவோ தண்ணீர் பட்டதுமே ஓரளவு இறுகத் தொடங்கி, மிச்சத்தைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். இந்தக் குணத்துக்குக் காரணம் கல்லில் உள்ள களிமண்தான் என்பதை 1750களில் இங்கிலாந்தில் எடிஸ்டோன் கலங்கரை விளக்கம் கட்டச் சோதனை செய்தபோது பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் கண்டுகொண்டார். ஈரம் எப்போதும் குடியிருக்கும் ஆற்றோரச் சுவருக்கு இது பொருந்துவதும் அதனால்தான்.

சிமெண்டு ஏன் ஆகாது? பழைய செங்கல் மென்மையானது, சிமெண்டு அதைவிடக் கடினமானது, நெருக்கமானது. பூச்சு வழியாக வெளியேற முடியாத ஈரம் சுவருக்குள்ளேயே மேலே ஏறிப் பூச்சு முடியும் இடத்தில் தலை காட்டும். இடுக்கில் சிமெண்டு அடைத்திருந்தால் ஈரம் செங்கல் முகத்தின் வழியாக வெளியேறும். அங்கே உப்பு படிகமாகி, செங்கல் பொரிந்து உதிரும். இடுக்கு மட்டும் துருத்திக்கொண்டு செங்கல் உள்வாங்கி நிற்கும் சுவரைப் பார்த்தால், அங்கே நடந்தது இதுதான்.

வாங்கும்போது மூட்டையின் எழுத்தைக் கூர்ந்து பாருங்கள். இஎன் 459-1 என்ற ஐரோப்பியத் தரத்தில் என்எச்எல், எச்எல் (நீரியல் சுண்ணாம்பு), எஃப்எல் (கலப்புச் சுண்ணாம்பு) என மூன்று பெயர் வரும். முதலாவதில் மட்டும் வேறு எதுவும் சேர்க்கக் கூடாது. மற்ற இரண்டிலும் சிமெண்டு இருக்கலாம். வெள்ளையடிக்க விற்கும் தூள் சுண்ணாம்பு இன்னொரு சரக்கு. அது தண்ணீரில் இறுகாது. தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேல் கிடந்த மூட்டை வேண்டாம், ஓரத்தில் கட்டி தட்டினால் எடுக்கவே வேண்டாம்.

2, 3.5, 5 என்ற எண்கள் 28 நாளில் வரவேண்டிய குறைந்தபட்ச அழுத்த வலிமை, அதாவது நசுங்காமல் தாங்கும் திறன், மெகாபாஸ்கல் கணக்கில். ஆற்றோரம் என்றதும் கடைக்காரர் 5ஐ எடுத்து நீட்டுவார். மென்மையான செங்கலுக்கு அது வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. 28 நாளோடு வலிமை நிற்பதில்லை, ஒரு வருடத்துக்கு மேலும் ஏறிக்கொண்டே போகும். கடைசியில் செங்கலை விடப் பூச்சு கடினமாகி, சிமெண்டு செய்த கெடுதலையே செய்யும். என்எச்எல் 5 வகை, கருங்கல் அடிச்சுவருக்குச் சரி. உள்சுவர் மிகவும் பொடிந்திருந்தால் 2 வகை.

கணக்கு இப்படி. ஒரு மூட்டை கனஅளவில் சுமார் 40 லிட்டர், தயாரிப்பைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும் குறையும். ஒன்றுக்கு இரண்டரை என்று 100 லிட்டர் மணல் சேர்த்தால், சுண்ணாம்பு மணலின் இடைவெளிகளுக்குள் போய்விடுவதால், கலவையும் ஏறத்தாழ 100 லிட்டர்தான் வரும். 10 மி.மீ. கனத்தில் கணக்குப்படி 10 சதுர மீட்டர் பூசலாம். பழைய சுவர் மேடு பள்ளம். 7 என்று வைத்துக்கொள்வது நல்லது. மணல் கரடானதாக, கழுவியதாக, 4 மி.மீ. முதல் நுண்மணல் வரை எல்லா அளவும் கலந்ததாக இருக்க வேண்டும். ஒரே அளவு மென்மணல் போட்டால் பூச்சு வெடிக்கும். மம்பட்டிக் கணக்கில் அளக்கவே கூடாது. ஈர மணல் கால் பங்குக்கு மேலும் பருத்துக் காட்டும், கலவை தப்பிவிடும். அளவுப் பெட்டியோ வாளியோ வைத்து அளக்கவும்.

உலர் நிலையில் 3 நிமிடம் கலக்கி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு மேலும் 5 நிமிடம். பிறகு 10 நிமிடம் ஆறவிட்டு மறுபடி கலக்கினால் வெண்ணெய் போல் இளகி வரும், கூடுதல் தண்ணீர் தேவைப்படாது. தண்ணீர் கூடினால் சுருக்கம், சுருக்கத்தால் விரிசல். கரணையைக் கவிழ்த்தால் கலவை சட்டென்று விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். இதன் காரம் கண்ணைக் கெடுத்துவிடும்.

வேலையில் பாதி, பழையதை எடுப்பதுதான். உப்பு தெரியும் கோட்டுக்கு மேல் 30 செ.மீ. வரை சிமெண்டைச் சுத்தியல் உளியால் கொத்தி எடுங்கள். வெட்டும் எந்திரம் செங்கல் விளிம்பைக் காயப்படுத்தும். இடுக்கை அதன் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு, குறைந்தது 20 மி.மீ. ஆழம் தோண்ட வேண்டும். உப்பை உலர்ந்த பிரஷால் தட்டி அள்ளி வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து உள்ளேயே திரும்பிப் போகும்.

பூசுவதற்கு முந்தின நாளும் அன்றும் சுவரை நனைக்க வேண்டும். ஈரம் ஊறியிருக்கலாம், தண்ணீர் மினுக்கக் கூடாது. உலர்ந்த செங்கல் கலவையின் நீரை உறிஞ்சிவிடும், பூச்சு தூளாக உதிரும். இந்தச் சரக்கைப் பற்றி வரும் புகார்களில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன. அடிப்பூச்சு 10 மி.மீ., கீறிவிட்டு ஒரு வாரம் பொறுத்து மேல்பூச்சு 3 முதல் 5 மி.மீ. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத பதத்தில்தான் அடுத்த அடுக்கு. 5 டிகிரிக்குக் கீழும் 30க்கு மேலும் பூச வேண்டாம். ஈரச் சணல் சாக்கு தொங்கவிட்டு, ஒரு வாரம் தண்ணீர் தெளித்து வாருங்கள். சிமெண்டுக்குப் பழகிய கொத்தனார் மூன்றாம் நாளே கிளம்பிவிடுவார். பேசும்போதே இந்த ஒரு வாரத்தையும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள்.

மேலே பிளாஸ்டிக் பெயிண்டு அடித்தால் ஈரம் வெளியேறும் வழி அடைபட்டு, செய்ததெல்லாம் வீண். சுண்ணாம்பு வெள்ளை மெல்லியதாக 4, 5 கோட்டிங், அல்லது ஈரத்தை வெளியே விடும் சிலிகேட் பெயிண்டு.

பூசிய பிறகும் ஈரக் கறை திரும்பினால் மூட்டையைக் குறை சொல்லுமுன் வெளியே போய்ப் பாருங்கள். பழைய தெருக்களில் திரும்பத் திரும்பத் தளம் போட்டுத் தெரு உயர்ந்து, வீட்டுத் தரை பள்ளமாகிவிட்டிருக்கும். மழைநீர்க் குழாய் சுவரடியில் கொட்டிக்கொண்டிருக்கும். பொதுச்சுவரின் அடுத்த வீட்டுப் பக்கம் சிமெண்டு பூசியிருந்தால் அந்த ஈரமும் உங்கள் பக்கமாகத்தான் வெளியேறும். சுவரில் நைட்ரேட்டு உப்பு நிறைந்திருந்தால் காற்றின் ஈரத்தையே இழுத்து மழைக்காலத்தில் வியர்க்கும். அந்தச் சுவரில், ஊசி முனைகளை அழுத்தி ஈரம் பார்க்கும் மின்முனை ஈரமானி காட்டும் எண்ணை நம்ப முடியாது, உப்பே அதை ஏற்றிக் காட்டும்.

வெள்ளம் வடிந்த கையோடு பூசுவது அடுத்த தவறு. 25 மி.மீ. கனத்துக்கு ஒரு மாதம் என்பது காய்வதற்கான தோராயக் கணக்கு. 350 மி.மீ. சுவருக்கு ஒரு வருடம் தாண்டும். அதுவரை பூச்சைக் கொத்திவிட்டுச் செங்கலைத் திறந்து போட்டு, எதிரெதிர் சன்னல்களைத் திறந்து வையுங்கள். அவசரமானால் கீழே ஒரு மீட்டர் உயரம் மட்டும் மெல்லிய பூச்சு பூசி, உப்பை அது இழுத்துக்கொண்டதும் உரித்துப் போட்டுவிட்டுப் புதிதாகப் பூசலாம்.

குறுகிய சந்துக்குள் லாரி வராது, மணலைத் தெருவில் குவிக்கவும் இடமிருக்காது. அதனால் ஒரு வாரத்துக்கு வேண்டிய மூட்டை மட்டும் வாங்குவதே நல்லது. வாங்கியதைக் கீழ்த்தளத்தில் தரையோடு தரையாக வைக்காமல் பலகை போட்டுச் சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்கள். பிரித்த மூட்டையில் மீந்ததை மூடியுள்ள வாளியில் அடைத்துவைத்தாலும் சில வாரங்களுக்குள் தீர்த்துவிடுங்கள்.