கும்பகோணம் அருகே ஒரு மறதிநோய்ப் பகல்நேரப் பராமரிப்பு இல்லம்: எட்டு மாத அனுபவம்

என் அப்பா 31 ஆண்டுகள் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவர். அவருக்கு வந்திருப்பது அல்சைமர் என்னும் மறதிநோய் என்று தஞ்சாவூரில் நரம்பியல் மருத்துவர் உறுதிசெய்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. எட்டு மாதங்களாக, கும்பகோணத்தை அடுத்த ஒரு பகல்நேரப் பராமரிப்பு இல்லத்துக்குக் காலை ஒன்பது மணிக்கு வேனில் அனுப்பி, மாலை ஐந்து மணிக்கு நான் போய் அழைத்துவருகிறேன். அங்குள்ள பெரியவர்களின் அந்தரங்கம் கருதி இல்லத்தின் பெயரைச் சொல்லவில்லை. இப்படியோர் இடத்தைத் தேடி அலையும் டெல்டாக் குடும்பங்கள் எவற்றைக் கேட்டறிந்து சேர்க்க வேண்டும் என்பதற்கு எங்கள் அனுபவம் பயன்படும் என்றே விரிவாக எழுதுகிறேன்.

இல்லத்தை நடத்துபவர் ஓய்வுபெற்ற செவிலியர். அவருடைய நேர்மையை முதலில் சொல்ல வேண்டும். அங்கே போவதற்கு முன்பு, வேறோர் ஊரிலிருந்த தனியார் சிகிச்சை மையம் ஒன்றில், அழிந்த மூளைச் செல்களை ஸ்டெம் செல் (பிற வகைச் செல்களாக வளரக்கூடிய மூலச் செல்) ஊசியால் புதுப்பித்துவிடலாம் என்று கூறி நான்கு லட்சம் ரூபாய் கேட்டார்கள். நகைகளை அடகு வைப்பதென்று முடிவுசெய்துகொண்டுதான் நான் வீடு திரும்பினேன். இந்தச் செவிலியர் அம்மாதான் எங்களைத் தடுத்தார். அல்சைமருக்கு அத்தகைய சிகிச்சை இந்தியாவில் அங்கீகரிக்கப்படவில்லை என்றும், முறையாகப் பதிவுசெய்த ஆய்வாக அன்றி அதை நோயாளிக்குக் கொடுக்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன என்றும் விளக்கினார். ஆய்வகத்தில் நடப்பது வேறு. ஜப்பானின் ஷின்யா யமனாகா, 2006-இல் எலியின் செல்களையும் 2007-இல் மனிதத் தோல் செல்களையும் கருநிலைச் செல்களுக்கு ஒப்பான நிலைக்குத் திருப்பிக் காட்டினார். அதன் பிறகு, நோயாளியின் தோலிலிருந்தே நியூரான்களை, அதாவது நரம்புச் செல்களை, வளர்த்து, அவை எப்படி நலிகின்றன என்று கிண்ணத்தில் வைத்துக் கவனிக்க முடிகிறது. நோயைப் புரிந்துகொள்ளவும் மருந்துகளைச் சோதிக்கவும் அது பெரும் துணை. அப்பாவின் தலைக்குள் அறுந்துபோன இணைப்புகளை அது திரும்பக் கொண்டுவராது.

செல்கள் எந்த வரிசையில் அழிகின்றன என்பதை அறிந்து அதற்கேற்ப நடந்துகொள்வதே இந்த இல்லத்தின் சிறப்பு. அல்சைமரில் அமிலாய்டு என்னும் புரதம் நியூரான்களுக்கு வெளியே படிகிறது. டாவ் என்னும் புரதம் உள்ளே முறுக்கிக்கொள்கிறது. டாவ் சிக்கல் பெரும்பாலும் மூளையின் உட்பகுதியான ஹிப்போகாம்பஸையும் அதை ஒட்டிய பகுதியையும் முதலில் தாக்குகிறது. புதிய நினைவுகள் பதிவாவது அங்கேதான் என்பதால், காலையில் சாப்பிட்ட இட்லி அப்பாவின் நினைவில் நிற்பதில்லை, நாற்பது ஆண்டுகளுக்கு முன் நடத்திய பாடம் நிற்கிறது. எனவே, "இன்று என்ன கிழமை, காலையில் என்ன சாப்பிட்டீர்கள்" என்று அங்கே யாரும் அவரைச் சோதிப்பதில்லை. ஒரு கரும்பலகையும் சாக்பீஸும் கொடுத்திருக்கிறார்கள்.

அதில் அவர் வாய்க்காலின் தொடக்கத்திலும் நடுவிலும் கடைசியிலும் உள்ள தலைமடை, இடைமடை, கடைமடை என்று மூன்று வயல்களை வரைந்து, ஆங்கிலேயப் பொருளியலாளர் ரிக்கார்டோ 1817-இல் எழுதிய வாரக் (நிலக் குத்தகைக்) கோட்பாட்டை நடத்துகிறார். கடைமடையில் விளைவது சாகுபடிச் செலவுக்கே சரியாகிவிடும். அதே உழைப்புக்குத் தலைமடையில் கூடுதலாகக் காணும் கண்டுமுதல், உழுதவனிடம் தங்காமல் நிலத்துக்காரனுக்கு வாரமாகப் போய்ச் சேரும் என்பது பாடம். அவரைக் கவனித்துக்கொள்ளும் பெண் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கடைமடைக் கிராமத்தில் பிறந்தவர். "எங்க ஊருக்குத் தண்ணியே வந்து சேராதுங்கய்யா, அப்ப வாரம் எப்படிங்க?" என்று ஒருநாள் அவர் கேட்டதும், அப்பா மகிழ்ந்துபோய்ப் பாடத்தை முதலிலிருந்து தொடங்கினார். அன்று முதல் அந்தப் பெண் நாள்தோறும் அதே கேள்வியைக் கேட்கிறார். அப்பாவும் முதல்முறை கேட்பவரைப் போல மலர்ந்து பதில் சொல்கிறார். மாலையில் அவருக்கு வரும் பதற்றமும் இரவில் எழுந்து வாசல் கதவைத் தட்டும் பழக்கமும் வெகுவாகக் குறைந்திருக்கின்றன.

குறைகளும் உள்ளன. குளியலறை வாசலில் படி இருக்கிறது; பலமுறை சொன்ன பிறகே ஒரு கைப்பிடி பொருத்தினார்கள். மதியத்தில் தொலைக்காட்சியை உரக்க வைக்கிறார்கள். கார்த்திகை அடைமழையில் வேன் ஒன்பது நாள் வரவில்லை.

இவற்றைவிட என்னை வருத்துவது ஊதியம். மாதக் கட்டணம் 14,000 ரூபாய். ஆறு பெரியவர்களுக்கு ஒரு பராமரிப்பாளர். அவருக்குச் சம்பளம் 9,500 ரூபாய். வாடகை, வேன், சாப்பாடு, மருத்துவர் வருகை எனக் கணக்கைத் திறந்து காட்டினார்கள், அதில் நான் பொய் எதையும் காணவில்லை. உழைப்பின் கடைசி அலகு எவ்வளவு ஈட்டித் தருகிறதோ அதுவே கூலியாக அமையும் என்று அமெரிக்கப் பொருளியலாளர் ஜே. பி. கிளார்க் 1899-இல் வாதிட்டார். ஒரு முதியவர் அச்சமின்றித் தூங்குவதை எந்த அலகால் அளப்பது? இந்த எட்டு மாதங்களில் இரண்டு பெண்கள் கூடுதல் சம்பளத்துக்காகத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். ஒவ்வொரு முறையும் புதிய முகத்துக்குப் பழக அப்பாவுக்கு மூன்று வாரமானது. குறைந்த கூலியின் விலையை நோயாளியும் செலுத்துகிறார் என்பதை அப்போது கண்ணால் கண்டேன்.

அங்கே வரும் பதினெட்டுப் பேரில் ஒருவர்கூட விவசாயக் கூலிக் குடும்பத்தவர் இல்லை. இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. நகரங்களைவிடக் கிராமங்களில்தான் விகிதம் கூடுதல். நோய் அதிகமுள்ள இடத்தில் வசதி இல்லை. அதே ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்ற லெக்கனமாப் என்னும் அல்சைமர் மருந்து, தொடக்கநிலை நோயாளிகளிடம் 18 மாதங்களில் நலிவின் வேகத்தை 27 விழுக்காடு குறைத்தது. அறிமுகமானபோது அங்கே அதன் ஆண்டு விலை 26,500 டாலர். நம் பணத்தில் 20 லட்சம் ரூபாய்க்கும் மேல். அப்பா அந்தத் தொடக்கநிலையைத் தாண்டிவிட்டார்.

ஓய்வூதியம் பெறும் எங்களைப் போன்றவர்களிடம் மாதம் 1,500 ரூபாய் கூடுதலாக வாங்கி, பராமரிப்பாளர் சம்பளத்தை உயர்த்தி, இரண்டு இடங்களை வசதியற்றவர்களுக்கு ஒதுக்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. சேர்ப்பதற்கு முன் ஒரு முழுநாள் உடனிருந்து பார்க்க அனுமதிக்கிறார்கள். பராமரிப்பாளர்கள் எத்தனை மாதமாக அங்கே வேலை செய்கிறார்கள் என்று அன்று தவறாமல் கேளுங்கள். அப்பாவை அங்கேதான் தொடர்ந்து அனுப்புகிறேன்.