பெரம்பூர் முதியோர் குடியிருப்பு: நடைவழியில் அமைந்த திண்ணைகள்

சென்னையில் முதியோருக்கென்றே கட்டப்படும் குடியிருப்புகள் பலவும் நகர எல்லையைத் தாண்டி, நெடுஞ்சாலையை ஒட்டிய வெட்டவெளிகளில்தான் எழுகின்றன. அங்கே காற்றும் மரமும் உண்டு. ஆனால் ஆயுளின் பெரும்பகுதியை ஒரே வட்டாரத்தில் கழித்தவர்களுக்குப் பழகிய மளிகைக் கடையும் கோயிலும் கைராசியான மருத்துவரும் அங்கே கிடைப்பதில்லை. அந்தக் குறை இல்லாமல், பெரம்பூர் இரயில் நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் அமைந்திருக்கிறது இந்த நான்கு மாடிக் குடியிருப்பு. வீடுகள் வாடகைக்கு விடப்படுகின்றன. என் தாயார் இங்கே வசிக்கிறார். நானும் அவ்வப்போது வந்து தங்குகிறேன்.

ஐ.சி.எஃப். இரயில் பெட்டித் தொழிற்சாலையிலும் லோகோ, கேரேஜ் இரயில்வே பணிமனைகளிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற குடும்பங்கள் நிறைந்த பகுதி இது. இரயில்வே மருத்துவமனைக்கு ஆட்டோவில் விரைவில் போய்விடலாம். லூர்து அன்னை ஆலயமும் பக்கத்தில்தான். குடியிருப்போரில் பெரும்பாலோர் இந்தச் சுற்றுவட்டாரத்துக்காரர்கள் என்பதால், புது இடத்துக்கு வந்துவிட்டோம் என்ற தவிப்பு அவர்களிடம் தெரிவதில்லை.

இக்கட்டடத்தில் நான் மிகவும் மதிப்பது நடைவழியைத்தான். ஒருபுறம் முற்றத்தைப் பார்த்துத் திறந்திருக்கும் அந்த நீண்ட நடைவழியில், ஒவ்வொரு வாசலுக்கும் பக்கத்தில் சுவரோடு சேர்த்துத் திண்ணை கட்டியிருக்கிறார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் சிரமமின்றி எழுந்திருக்கும் அளவுக்கு அது உயரமாக இருக்கிறது. ஊன்றி எழ ஓரத்தில் கைப்பிடியும் உண்டு. சமையலறைச் சன்னலும் நடைவழியை நோக்கியே திறப்பதால், உள்ளே வேலை செய்பவரும் வெளியே கீரை ஆய்பவரும் எழுந்து போகாமலேயே பேசிக்கொள்ள முடிகிறது. ஒரு நாள் காலையில் அம்மா சற்று அதிகமாக உறங்கிவிட்டார். எதிர்வீட்டு அம்மையார் கதவைத் தட்டி, "பால் பாக்கெட் இன்னும் பையிலேயே கிடக்குதே அக்கா, உடம்புக்கு என்ன?" என்று கேட்டார். படுக்கையருகே அவசர அழைப்புப் பொத்தான் இருக்கிறது, அது தேவையானதும்தான். ஆனால் அதை அழுத்துவதற்கு ஒருவருக்கு நினைவும் தெம்பும் இருக்க வேண்டும். கதவில் தொங்கும் பால் பைக்கு அவை தேவையில்லை. அதைக் கவனிக்க அந்த வழியாக நடந்துபோகும் ஓர் ஆள் இருந்தால் போதும்.

இதே கட்டடத்தின் நான்காவது மாடியில், குளிர்சாதனமும் தொலைக்காட்சியும் கேரம் பலகையும் கொண்ட பொதுக்கூடம் ஒன்று இருக்கிறது. அதன் சாவி அலுவலகத்தில் இருக்கும். நான் பார்த்தவரை அங்கே பெரும்பாலும் யாரும் இருப்பதில்லை. பொது இடம் என்பது அன்றாடம் நடக்கும் வழியிலேயே இருக்க வேண்டும். தேடிப்போக வேண்டிய இடமாக இருந்தால் முதியவர்கள் போகமாட்டார்கள் என்பதை இந்த இரண்டையும் பார்த்தாலே அறியலாம். சிங்கப்பூரின் கம்போங் அட்மிரால்டி வளாகத்தில் முதியோருக்கான 104 வீடுகளுக்குக் கீழே பொதுச் சதுக்கம், உணவங்காடி, மருத்துவ மையம் ஆகியவற்றை அமைத்தார்கள். குழந்தைகள் காப்பகமும் அதே வளாகத்தில் உண்டு. 2018இல் உலகின் சிறந்த கட்டடத்துக்கான விருது அதற்குக் கிடைத்தது. இங்கே அந்த அளவுக்கு இல்லையென்றாலும், தரைத்தளத்து உணவுக்கூடத்தின் ஒரு வாசலைத் தெருப்பக்கம் திறந்து, வெளியாரும் சாப்பிட அனுமதித்திருப்பது நல்ல முடிவு. மாணவர்களும் ஆட்டோ ஓட்டுநர்களும் வந்து போகிறார்கள். பொங்கலும் சாம்பாரும் உப்பு குறைவாக, சுவையாகவே இருக்கின்றன.

குறைகளில் முதன்மையானது சாய்தளம். மழைநீர் புகாதிருக்கத் தரைத்தளத்தை மூன்றடி உயர்த்தியிருக்கிறார்கள். மழைக்காலத்தில் வடசென்னைத் தெருக்கள் படும் பாட்டை அறிந்தவர்கள் இதைக் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்ற கணக்குப்படி இங்கே முப்பத்தாறு அடி நீளச் சாய்தளம் வேண்டும்; இருப்பதோ அதில் பாதிதான். சக்கர நாற்காலியைக் காவலாளி மூச்சு வாங்கத் தள்ளி ஏற்றுகிறார். பக்கச் சுவரை ஒட்டித் திருப்பிக் கட்ட இடம் இருக்கும்போது இதை இப்படியே விட்டிருப்பது வருத்தமளிக்கிறது. குளியலறைக் கதவு உள்நோக்கித் திறப்பது அதைவிட ஆபத்தானது. உள்ளே ஒருவர் வழுக்கி விழுந்தால் அவர் உடலே கதவை அடைத்துக்கொள்ளும். உதவிக்கு வருபவரால் அதைத் திறக்க முடியாது. கீலை மாற்றி வெளிப்பக்கம் திறக்கச் செய்வது தச்சருக்குப் பெரிய வேலையன்று. நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம், இன்னும் செய்யவில்லை.

வாடகை, பராமரிப்பு, உணவு ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே கட்டணம் வாங்குகிறார்கள். பராமரிப்புக் கட்டணத்தை எப்போது, எவ்வளவு உயர்த்தலாம் என்பது ஒப்பந்தத்தில் இல்லை. ஓய்வூதியத்தில் வாழ்பவர்களுக்கு இது பெரிய கவலை. ஓய்வுக்கால இல்லங்களுக்காக ஒன்றிய வீட்டுவசதி அமைச்சகம் 2019இல் வெளியிட்ட மாதிரி நெறிமுறைகள், வீடு கட்டுபவர், சேவை வழங்குபவர், வீடு பெறுபவர் ஆகிய மூவருக்கும் இடையே ஒப்பந்தம் வேண்டும் என்கின்றன. கையெழுத்திடும் முன் அதைப் படித்துவிட்டு, கட்டண உயர்வுக்கு ஒரு வரம்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தானாக எழுந்து நடமாடக்கூடியவர்களுக்கும், தனியாக இருக்கும் ஓய்வூதியர்களுக்கும் இந்தக் குடியிருப்பைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். படுக்கையிலேயே இருப்பவர்களுக்கும் நினைவிழப்பு நோய் உள்ளவர்களுக்கும் இது ஏற்றதன்று. இரவில் செவிலியர் இல்லை, துணைக்கு ஆள் வைத்துக்கொள்ள வீட்டில் இரண்டாவது அறையும் கிடையாது.