இரவு வானத்தைப் படமெடுக்க ஸ்டார் டிராக்கரா, டிரைபாட் மட்டும் போதுமா?

செலவு: டிரைபாட் பலரிடம் ஏற்கெனவே இருக்கும். நட்சத்திரங்களின் நகர்வுக்கு ஏற்பக் கேமராவை மெல்லத் திருப்பும் டிராக்கருக்குப் பல்லாயிரம் ரூபாய் ஆகும்.

எக்ஸ்போஷர் (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்): பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. டிரைபாடில் 20 மி.மீ. லென்ஸுக்கு ஏறத்தாழ 25 வினாடி, 200 மி.மீ.க்கு இரண்டரை வினாடிதான் வரம்பு. மீறினால் நட்சத்திரம் கோடாக இழுபடும். டிராக்கரில் இரண்டு நிமிடம் திறந்து வைத்தாலும் புள்ளியாகவே நிற்கும், ஆனால் தரையிலுள்ள மரங்கள் கலங்கிவிடும்.

அமைப்பு: டிரைபாட் உடனே தயார். டிராக்கரின் அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக்க வேண்டும். வானாய்வகம் உள்ள காவலூரில் அது அடிவானத்திலிருந்து சுமார் 12.5 டிகிரி உயரத்தில்தான் இருக்கிறது. ஒரு மரக்கிளையோ மூட்டமோ போதும் மறைக்க. நம் ஊரில் உண்மையான சோதனை இதுதான்.

மலையோடு சேர்ந்த பால்வீதிக்கு டிரைபாட் போதும். பல படங்களை மென்பொருளில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் தெளிவும் கூடும். ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தை நெருங்கிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தயங்காமல் டிராக்கர் வாங்கலாம்.