நிக்கோட்டின் சூயிங்கம்: பீடிக்கும் தடை போட்ட மீட்பு இல்லங்களில் எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது?

“குடியை விடுறதே பெரும்பாடு, பீடியையும் புடுங்கினா ஆளு சுவரேறி ஓடிடுவான்.” தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் போதை மீட்பு இல்லங்களில் இந்தப் பேச்சு தீர்ந்தபாடில்லை. ஆனால் 2004-ல் வெளியான, 19 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பு, சிகிச்சையின்போதே புகையையும் நிறுத்த உதவி பெற்றவர்கள் நீண்ட காலம் குடி, போதையின்றி இருக்கும் வாய்ப்பு 25% கூடுதல் என்றது. நியூயார்க் மாநிலம் 2008-லேயே தன் சிகிச்சை மையங்களில் புகையிலைக்குத் தடை போட்டுவிட்டது.

தடை நிற்பதும் விழுவதும், புகையில்லாமலே நிக்கோட்டின் தரும் இந்த கம்மில் இருக்கிறது. 2 மி.கி. நிக்கோட்டின் உள்ள கம் சீட்டில்லாமலே கிடைக்கும், 4 மி.கி.க்கு மருத்துவர் சீட்டு வேண்டும். எழுந்த அரை மணிக்குள் முதல் பீடி பற்றவைக்கிற ஆளுக்கு 2 மி.கி. யானைப் பசிக்குச் சோளப்பொரிதான்.

நம் பக்கத்தில் இது தோற்பதற்கு முதல் காரணம் வாய்ப்பழக்கம். வெற்றிலை சீவல் போட்ட வாய் சும்மா இருக்காது, விடாமல் அரைக்கும். அப்படி மென்றால் நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குள் போகும். விக்கல், குமட்டல், நெஞ்செரிச்சல். உள்ளே போனதிலும் பெரும்பங்கைக் கல்லீரலே சிதைத்துவிடும். மெதுவாக மென்று, நாக்கில் சுரீரென்று காரம் தட்டியதும் நிறுத்தி, கன்னத்தோரம் ஒதுக்கிவிட வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லலாம். ஒரு கம்முக்கு அரை மணி நேரம். முதல் 6 வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு கம். பிறகு இடைவெளியைக் கூட்டி 12 வாரத்தில் முடிக்கலாம். பல்செட் போட்டவர்களுக்கு கம் அதில் ஒட்டிக்கொள்ளும், அவர்களுக்குத் தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பேட்ச்தான் சரி.

அடுத்தது டிகிரி காபி. காபியின் புளிப்பு வாய்க்குள் நிக்கோட்டின் ஏறுவதைக் கெடுக்கும். கம் போடுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே தண்ணீர் மட்டும். இன்னொன்று பலருக்கும் தெரிவதில்லை: பீடி, சிகரெட் புகை கல்லீரலில் காஃபினைச் சிதைக்கும் நொதியைத் தூண்டிவிடுகிறது. புகை நின்றதும் அதே இரண்டு டம்ளர் காபி உடம்பில் நெடுநேரம் தங்கி, படபடப்பும் தூக்கமின்மையும் தரும். அதைக் குடி நிறுத்திய நடுக்கம் என்று நினைத்து மாத்திரையைக் கூட்டுகிறார்கள். காபியைப் பாதியாக்குங்கள். ஓலன்சபின், குளோசபின் என்ற மனநோய் மருந்துகள் சாப்பிடுபவர்களுக்கும் இரத்தத்தில் மருந்து ஏறும். மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கம் இதைத் தடுக்காது, ஏனென்றால் நொதியைத் தூண்டியது புகை, நிக்கோட்டின் அல்ல.

பான் சுவை கம் எங்களுக்குப் பிடிக்கவில்லை. ஹான்ஸ் ஒதுக்கிய வாய்க்கு அது பழைய நினைப்பைத்தான் கிளப்பும், புதினா போதும். புகையிலையைத் தடுத்துவிட்டுச் சீவலை மட்டும் அனுமதிக்கும் இல்லங்களும் உண்டு. பாக்கு தனியாகவே வாய்ப்புற்று தரும், அதையும் கேட்டில் வாங்கி வையுங்கள். 30 நாளில் வீட்டுக்கு அனுப்பும்போது மீதி வாரங்களுக்கான அட்டைகளையும், 1800 11 2356 என்ற இலவச ஆலோசனை எண்ணையும் கையில் கொடுத்துவிடுங்கள்.