ஒரு சேனலா, இரண்டு சேனலா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் டியூப் ஆம்ப் (கண்ணாடிக் குழாய்களால் கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) வைத்திருப்பவனுக்குச் சத்தம் இரண்டாவது கவலைதான். கெட்டுப்போனால் யார் பார்ப்பது என்பதே முதல் கவலை. மின்விசிறி, ரைஸ் குக்கர் பார்க்கும் கடையில் டியூப் ஆம்பைக் காட்டினால் நம்மையே ஒரு மாதிரி பார்க்கிறார்கள். ஈப்போவுக்குத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

ஆறு வருஷம் இரண்டு சேனல் ஆம்ப் வைத்திருந்தேன், அதாவது சுத்தமான சத்தத்துக்கு ஒரு பாதை, கரகரப்புக்கு ஒரு பாதை. போன தீபாவளிக்கு முன்னால் அதை விற்றுவிட்டு ஃபெண்டர் புளூஸ் ஜூனியர் வாங்கினேன்: 15 வாட், ஒரே சேனல். அதனால் நான் எந்தப் பக்கம் பேசுவேன் என்று இப்போதே தெரிந்திருக்கும்.

இரண்டு சேனலின் வசதியைச் சொல்லத் தேவையில்லை. காலால் ஒரு மிதி, சுத்தமான சத்தம் கரகரப்பாக மாறிவிடும். ஒரு சேனலில் அந்த வேலையைப் பெடலோ கிட்டாரின் வால்யூம் குமிழோ செய்ய வேண்டும். விலையும் எடையும் கடையிலேயே தெரிந்துவிடும்.

"அண்ணே, ரெண்டு சேனல்னா உள்ள ரெண்டு ஆம்பா?" என்று எங்கள் டிரம்மர் தம்பி ஒருமுறை கேட்டான். இல்லை. சிக்னலை முதலில் பெருக்கும் பகுதியான ப்ரீஆம்பில் பெரும்பாலும் இருப்பது 12ஏஎக்ஸ்7 டியூப். ஈசிசி83 என்பதும் அதேதான். ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு பெருக்கிகள். சுத்தமான சேனல் ஓரிரு பெருக்கும் கட்டங்களோடு நின்றுவிடும். கரகரப்புச் சேனல் அதே சிக்னலை இன்னும் சில கட்டங்களுக்குள் தள்ளும். பல ஆம்ப்களில் முதல் டியூப் இரண்டுக்கும் பொது. ஸ்பீக்கரை ஓட்டும் பவர் டியூபுக்கு முந்தைய கடைசிச் சின்ன டியூபும் பொது.

இதில் இரண்டு சேனலுக்கு ஒரு நல்ல பெயர் உண்டு, மறைக்கக் கூடாது. கரகரப்பில் மட்டும் கீச்சென்றால் அந்தச் சேனலுக்கு உரிய டியூபைப் பார்க்கலாம். இரண்டிலும் கீச்சென்றால் பொதுவானதைச் சந்தேகிக்கலாம். பென்சிலால் மெதுவாகத் தட்டினால் கெட்டது மணி மாதிரி ஒலிக்கும்.

ஆனால் என் கழுத்தை அறுத்தது டியூப் இல்லை, சேனலை மாற்றும் ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச். கோயில் திருவிழா மேடையில், பாட்டு நடுவில், யாரும் மிதிக்காமலே சேனல் தானாக மாறியது. நான் டியூபைத்தான் குற்றவாளி என்று நினைத்து மூன்று டியூபையும் மாற்றிப் பணத்தை விட்டேன். ஈப்போவில் திறந்து பார்த்தவர், ரிலேயின் தொடுமுனை கறுத்துவிட்டது என்றார். நம் ஊர் ஈரக்காற்றில் ஜாக், சுவிட்ச், ரிலே எல்லாம் இப்படித்தான். ஒரு சேனல் ஆம்பில் அந்த ரிலேயே கிடையாது.

புளூஸ் ஜூனியரில் மூன்று 12ஏஎக்ஸ்7, இரண்டு இஎல்84 பவர் டியூப். ப்ரீஆம்ப் டியூபை மாற்ற பயாஸ் (டியூபுக்குள் ஓடும் மின்னோட்டத்தின் அளவு) சரிபார்க்க வேண்டாம். அணைத்து, ஆறவைத்து, பிடுங்கிச் செருகினால் போதும். உள்ளே மட்டும் கை விடாதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் முன்னூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். முதல் இடத்தில் 12ஏஎக்ஸ்7-க்குப் பதிலாக 5751 என்ற டியூபைப் போட்டேன். 12ஏஎக்ஸ்7-இன் பெருக்கம் 100 என்றால் இதற்கு 70. குமிழை இன்னும் கொஞ்சம் திருகின பிறகுதான் கரகரக்கிறது, எனக்கு அது பிடித்திருக்கிறது. பழைய ஆம்பில் இதைச் செய்தபோது முதல் டியூப் பொது என்பதால் கரகரப்புச் சேனலும் சேர்ந்து மெலிந்துபோனது.

15 வாட் திறந்தவெளி மேடைக்குப் போதாது, முன்னால் மைக் வைத்து மிக்சருக்கு அனுப்புகிறோம். மெட்டல் வாசிப்பவருக்கு நான் யோசனை சொல்ல முடியாது, அந்த அனுபவம் எனக்கு இல்லை. என் பழைய ஆம்பை வாங்கிய பையன் மெட்டல்தான் வாசிக்கிறான். ரிலேயைப் புதிதாக மாற்றித்தான் கொடுத்தேன். இதுவரை குறை சொல்லிப் போன் வரவில்லை.