ஸ்கூல் ஆட்டோவா, ஸ்கூல் பஸ்ஸா?

ஆட்டோ வாசலுக்கே வரும். மறந்துபோன தண்ணீர் பாட்டிலை எடுத்துவர ஓடினாலும் ஆட்டோ அண்ணன் பொறுப்பார். ஆனால் எங்கள் தெரு ஆட்டோவில் ஒன்பது பிள்ளைகள்; பைகள் வெளியே தொங்கும், ஓட்டுநர் சீட்டிலேயே இரண்டு பேர். இதைப் பார்த்துதான் என் மனம் மாறியது.

பஸ் தெருமுனையோடு சரி. கட்டணமும் அதிகம், காத்திருக்கவும் செய்யாது. இருந்தாலும் தமிழ்நாட்டில் 2012 சிறப்பு விதிகளின்படி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அவசர வழி, உதவியாளர் எல்லாம் கட்டாயம். அந்த ஆண்டு தாம்பரம் அருகே, பஸ்ஸின் தரையிலிருந்த ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி இறந்த பிறகு வந்தவை அவை. அதனால் மஞ்சள் பெயின்ட்டை மட்டும் நம்பாமல், ஒருமுறை உள்ளே ஏறித் தரையைப் பாருங்கள்.

சின்னப் பிள்ளை என்றால் நான் பஸ் பக்கம்தான். பள்ளி பக்கத்திலேயே இருந்து, ஐந்து பேரோடு நிறுத்திக்கொள்ளும் ஆட்டோக்காரரும் கிடைத்தால் அப்புறம் ஆட்டோவை யோசிக்கலாம்.