பூப்பல்லக்கு வீடியோவும் ஹேண்ட்பிரேக்கும்

பெங்களூரு அல்சூர் சோமேஸ்வரர் கோயில் பூப்பல்லக்கை இந்த முறை மொபைலில் பதினோரு நிமிடம் எடுத்தேன். 4கே, ராத்திரி ஒரு மணிக்கு மேல், ஒரு கடை வாசல் படியில் ஏறி நின்று. அதை வாட்ஸ்அப்பில் போட்டு மங்கலாக்க மனமில்லை. விக்கிப்பீடியாவுக்கான படங்களும் வீடியோக்களும் சேரும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றினால் யாருடைய கட்டுரைக்காவது உதவுமே என்று போனால், எம்பி4 கோப்பை வாங்க மாட்டேன் என்கிறது. அங்கே பேட்டன்ட் தொல்லை இல்லாத வடிவம்தான் செல்லும், எம்பி4-க்குள் வழக்கமாக இருக்கும் எச்.264, எச்.265 என்ற சுருக்க முறைகள் இரண்டும் உரிமக் கட்டணம் உள்ளவை. எம்பி4-ஐ அனுமதிக்கலாமா என்று 2014-இல் பங்களிப்பாளர்களிடம் கேட்டபோது பெரும்பாலானோர் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். சரி, அங்கே செல்லும் வெப்எம் வடிவமாக மாற்றியே ஆக வேண்டும்.

ஆபீஸ் நண்பன் ஒருத்தன், "கடைசியில .வெப்எம்னு பேரை மாத்துடா, போதும்" என்றான். மிளகாய்த்தூள் டப்பாவில் மஞ்சள்தூள் என்று எழுதி ஒட்டுகிற கதை. எம்பி4, எம்கேவி, வெப்எம் எல்லாம் வெறும் டப்பா. உள்ளே படத்தைச் சுருக்கி வைத்திருப்பது கோடெக். வெப்எம் டப்பாவுக்குள் விபி8, விபி9, ஏவி1 படமும் வோர்பிஸ் அல்லது ஓபஸ் ஒலியும்தான் போகும். என் மொபைல் எடுத்ததோ எச்.265, அதனால் முழுசாக அவிழ்த்து மறுபடி சுருக்க வேண்டும். அதற்கும் சோம்பல்பட்டு முதலில் ஒரு ஆன்லைன் கன்வெர்ட்டரில் போட்டேன் (பெயர் வேண்டாம்). 1.9 ஜிபி மேலே ஏற ஒரு மணி நேரம், ஏறி முடிந்த பிறகு காசு கட்டினால்தான் இவ்வளவு பெரிய கோப்பை மாற்றுவோம் என்று ஒரு அறிவிப்பு. முதலிலேயே சொன்னால் என்னவாம்?

அப்புறம்தான் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருள். அன்னாசிப்பழமும் பக்கத்தில் ஒரு கிளாஸும் போட்ட லோகோ, வீடியோவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். இலவசம், திறமூலம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 2003-இல் தொடங்கி, 1.0 என்ற எண்ணைத் தொட 2016 கிறிஸ்துமஸ் வரை ஆனது, அவசரமே இல்லாத ஆட்கள். வெப்எம் ஆகச் சேமிக்கும் வசதியும் 2019-இல் 1.3 பதிப்பில்தான் வந்தது. இறக்கும்போது .எஃப்ஆர் என்று முடியும் அவர்களுடைய சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள், கோப்பை யாரும் மாற்றவில்லை என்று காட்டும் செக்சம் எண்ணைச் சரிபார்ப்பதும் வீண்வேலை இல்லை. 2017 மே மாதம் அவர்களுடைய டவுன்லோட் சர்வர்களில் ஒன்றில் யாரோ புகுந்து மேக் பதிப்பின் இடத்தில் வைரஸ் கலந்த கோப்பை வைத்து, சில நாள் அது அப்படியே கிடந்தது.

பயன்படுத்துவது கஷ்டமில்லை. கோப்பை இழுத்துப் போட்டு, எம்கேவி பிரீசெட்களில் (முன்பே தயாராக இருக்கும் அமைப்புகள்) விபி9 ஒன்றை எடுத்து, வடிவத்தை வெப்எம் என்று மாற்றி, ஒலிக்கு ஓபஸ் வைத்தேன். மொபைல் வீடியோவில் பிரேம் வேகம் (நொடிக்கு எத்தனை படம் என்பது) ஏறி இறங்கும், அதனால் 'மூலத்தில் உள்ளபடியே' என்று விட்டுவிடுவது நல்லது. நான் கோட்டை விட்டது தர எண்ணில், அது குறையக் குறையத் தரமும் கோப்பின் அளவும் கூடும். எச்.264-க்கு 22 நன்றாக இருக்கும் என்று எங்கோ படித்த ஞாபகத்தில் இதற்கும் 22 வைத்தேன். எச்.264-இல் அந்த அளவுகோல் 51 வரை, விபி9-இல் 63 வரை, இரண்டு 22-ம் ஒன்றல்ல. என் பழைய லேப்டாப் கிட்டத்தட்ட நாலு மணி நேரம் இரைந்து கொடுத்த கோப்பு மூலத்தின் அளவுக்கே இருந்தது! மறுநாள் 32 வைத்து ஓட்டினேன், மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. பல்லக்கின் விளக்குச் சரங்களில் வித்தியாசம் தெரியவில்லை, பின்னால் நிற்கும் கூட்டத்தின் இருட்டில் மட்டும் உற்றுப் பார்த்தால் கொஞ்சம் குழைந்திருக்கிறது. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் ஏதோ கொஞ்சம் போகும், எனவே மூலத்தை அழித்துவிடாதீர்கள், இதை அழுத்தியே சொல்கிறேன்.

கையோடு அண்ணன் கல்யாணத்தின் பழைய எஃப்எல்வி (ஃபிளாஷ் வீடியோ) கிளிப்புகளையும் போட்டேன், ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31-உடன் போய்ச் சேர்ந்த பிறகு யாரும் தொடாதவை. மடமடவென்று திறந்தது. அதற்குள் இருந்தது விபி6 என்ற பூட்டிய கோடெக். அதைச் செய்த ஆன்2 கம்பெனிதான் விபி3-ஐ இலவசமாகத் திறந்துவிட்டு தியோரா என்ற இலவச கோடெக்குக்கு வழி செய்தது, அந்தக் கம்பெனியை 2010-இல் கூகுள் வாங்கி, அதன் விபி8-ஐத் திறந்துவிட்டு வெப்எம் டப்பாவில் வெளியிட்டது. பூட்டிய பெட்டிக்கும் திறந்த பெட்டிக்கும் ஒரே ஆசாரி!

எதிர்த்திசையில் இன்னும் சுலபம். சித்தப்பா வீட்டு டிவியில் பென்டிரைவைச் செருகினால் வெப்எம் ஓடாது, எச்.264 எம்பி4 ஓடும். திறந்ததும் தானாக நிற்கும் பிரீசெட்டையே விட்டு ஸ்டார்ட் அழுத்தினேன், டீ குடித்து வருவதற்குள் முடிந்தது.

குறை என்று பார்த்தால் ஒன்று பெரிசு. ஹேண்ட்பிரேக் படத்தை அப்படியே வைத்துக்கொண்டு டப்பாவை மட்டும் மாற்றித் தராது, எதைக் கொடுத்தாலும் மறுபடி சுருக்கியே தீரும். எச்.264 உள்ள எம்கேவி-யை எம்பி4 ஆக்க இதில் மணிக்கணக்கில் உட்காருவது சுத்த மடத்தனம். அதற்கு எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டளை வரி மென்பொருள் இருக்கிறது, ஃபேப்ரிஸ் பெல்லார் 2000-இல் தொடங்கியது, ஹேண்ட்பிரேக்கின் வயிற்றுக்குள்ளும் அதன் நூலகங்கள்தான் ஓடுகின்றன. கறுப்புத் திரையில் ஒரே வரி, சில நொடியில் வேலை முடிந்துவிடும். பட்டன் எதுவும் கிடையாது, ஒரு எழுத்து தவறினாலும் முறைக்கும்.

பூப்பல்லக்கு ஏறிவிட்டது. அதே மூலத்தை இப்போது ஏவி1-இல் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், 14 சதவீதத்தில் நிற்கிறது, லேப்டாப்புக்கு அடியில் இரண்டு புத்தகம் வைத்து ஃபேனைத் திருப்பி விட்டிருக்கிறேன்.